மூன்று நடுவர், பதினைந்து மதிப்பெண்

பன்னாட்டுப் புகைப்படப் போட்டிகளின் விதிமுறைத் தாளைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசித் தேதியையும் கட்டணத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். உள்ளே சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். ஒரு பிரிவுக்கு ஒருவர் நான்கு படங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது. அந்த நான்கும் நடுவர்களுக்கு அடுத்தடுத்துக் காட்டப்பட மாட்டா; வெவ்வேறு சுற்றுகளில் பிரித்துக் காட்டப்படும். படத்தின் மேல் எடுத்தவர் பெயரோ அடையாள முத்திரையோ இருந்தால் அது தள்ளுபடி.

அலுவலகக் கெடுபிடி போலத் தெரியும் இந்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கு மருந்து. ஒரு படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி மனிதக் கண்ணும் அதன் பின்னால் இருக்கும் மனமும்தான். அந்தக் கருவி களைத்துப்போகும். சற்று முன் பார்த்ததைக் கொண்டு இப்போது பார்ப்பதை எடைபோடும். அறையின் வெளிச்சம் மாறினால் தானும் மாறும். தெரிந்தவர் பெயரைக் கண்டால் இளகும். ஒரு புகைப்படக் கழகம் போட்டி நடத்துகிறது என்றால், இத்தனை குறைகள் உள்ள கருவியை முடிந்தவரை சீர்செய்துகொண்டு அளக்க முயல்கிறது என்று பொருள். இதைக் கலை நிகழ்ச்சி என்பதைவிட அறிவியல் சோதனை என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சோதனை பழையது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். லண்டனில் 1853 ஜனவரியில் ஒரு புகைப்படச் சங்கம் தொடங்கியது. இன்றைய ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி அதுதான். மறு ஆண்டு தொடக்கத்திலேயே அதன் முதல் கண்காட்சி. விக்டோரியா மகாராணியும் இளவரசர் ஆல்பர்ட்டும் வந்து பார்த்தார்கள். சங்கத்தின் செயலாளர் ரோஜர் ஃபென்டன் கூடவே இருந்து காட்டினார். அதே 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சங்கங்கள் வந்தன. சென்னையிலும் அதையொட்டியே, இங்கு ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியில் ஒரு சங்கம் உருவானது. அதற்கும் முன்பே, 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தம் புகைப்படங்களுக்காகப் பதக்கம் வாங்கினார். பிற்பாடு தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிந்தவர் அவரே. ஆக, படம் எடுக்கக் கற்ற கையோடு மனிதர்கள் அதைச் சுவரில் மாட்டி, யாருடையது சிறந்தது என்று கேட்கவும் தொடங்கிவிட்டார்கள்.

கழகங்களுக்கு உயிர் தருவது ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய கண்காட்சி அல்ல, உறுப்பினர்களுக்குள் நடக்கும் மாதப் போட்டி. ஒரு மாதம் தலைப்பு கொடுப்பார்கள், இன்னொரு மாதம் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பார்கள். புதியவர்கள் ஒரு பிரிவு, தேர்ந்தவர்கள் ஒரு பிரிவு. மதிப்பெண்களை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போய் ஆண்டு முடிவில் கோப்பை. நடுவர் பெரும்பாலும் வேறு கழகத்திலிருந்து வருவார். உள்ளூர்க்காரர் என்றால் பெயரை மறைத்து என்ன பயன்? இந்தக் கோணம் யாருடையது, இந்தப் பனிமூட்டக் குளம் யார் அடிக்கடி போகும் இடம் என்பது திரையில் வந்த நொடியே தெரிந்துவிடும். அப்படி வருகிறவர் ஒவ்வொரு படத்தையும் பற்றி எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் பேசுவார். ஓரத்தில் வெள்ளையாக ஒன்று கண்ணை இழுக்கிறது, அடிவானம் சாய்ந்திருக்கிறது, இங்கே வெட்டியிருந்தால் முகம் எடுபட்டிருக்கும். உறுப்பினர்கள் கற்பது இந்தப் பேச்சில்தான். பரிசு அதற்குச் சாக்கு.

பெரிய சலான்களில், அதாவது பன்னாட்டுக் கண்காட்சிப் போட்டிகளில், பேச்சே கிடையாது. வழக்கமான முறை இது: மூன்று நடுவர்கள், ஆளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் பதினைந்து. படம் திரையில் வரும்; சில நொடிகளில் ஒவ்வொருவரும் கையிலுள்ள பொத்தானை அழுத்துவார்கள்; அடுத்த படம். ஆயிரம் பேர் ஆளுக்கு நான்கு அனுப்பினால் 4,000 படங்கள். ஒன்றுக்கு 5 நொடி என்று வைத்தாலே ஒரு பிரிவுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிறது. மாதக் கணக்கில் காத்திருந்து எடுத்த படத்துக்கு ஐந்து நொடியா என்று மனம் கொதிக்கலாம். ஆனால் கண் அசாத்திய வேகம் கொண்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேரி பாட்டர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படங்களைச் சரசரவென்று காட்டினார்கள். ஒரு படம் 13 மில்லிநொடி மட்டுமே இருந்தபோதும் பார்ப்பவர்களால் வெறும் ஊகத்தைவிட நன்றாகவே அதைக் கண்டுகொள்ள முடிந்தது. ஐந்து நொடி என்பது இதைப்போல் முந்நூற்றைம்பது மடங்குக்கும் மேல். படத்தின் சாரத்தைப் பிடிக்க அது தாராளம். மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும் படங்களுக்குத்தான் அது போதாது. சலானில் வெல்லும் படங்கள் பார்த்த மாத்திரத்தில் தாக்குபவையாக இருப்பதற்கு ஒரு காரணம் இந்த நேரக் கணக்கு.

வரிசையும் தீர்ப்பை மாற்றும். பிரஸ்ஸல்ஸ் நகரில் எலிசபெத் ராணி பெயரில் பியானோ, வயலின் போட்டிகள் நடக்கின்றன. யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 1996இல் இரு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: முதல் நாள் வாசித்தவர்கள் பின்தங்கினார்கள், பிந்தி வாசித்தவர்கள் நல்ல இடம் பெற்றார்கள். திறமை சீட்டைப் பார்த்து வருவதில்லை. ஆக, ஆடியது நடுவர்களின் அளவுகோல். தொடக்கத்தில் முழு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட மனம் தயங்கும், இதைவிட நல்லது பின்னால் வரலாமே என்று. புகைப்படக் கழகங்களில் இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. மதிப்பெண் போடும் முன் படங்களை வேகமாக ஒருமுறை ஓட்டிக் காட்டிவிடுவார்கள். மட்டம் எது, உச்சம் எது என்று நடுவர் மனதில் பதிந்துவிடும். இன்னொன்று, ஒருவரின் நான்கு படங்களை நான்கு சுற்றுகளில் பிரித்துவிடுவது. முதல் படத்தின் வெற்றியோ சறுக்கலோ அடுத்ததன் மேல் ஒட்டாது; காலை நேரத்துத் தயக்கமும் மாலை நேரத்துக் களைப்பும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்காகும்.

இனி வெளிச்சம். பச்சைப் புடவை வாங்குகிறவர் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாரே, பிரின்ட் போட்டியிலும் அதே சிக்கல்தான். கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. இரண்டு மைகள் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பினாலும், ஒரு விளக்கின் கீழ் அந்த மூன்று செல்களையும் ஒரே அளவில் தூண்டினால் ஒரே நிறமாகத் தெரியும். விளக்கை மாற்றினால் பிரிந்துவிடும். அதனால் பிரின்ட்களை ஒப்பிட்டுப் பார்க்க ஐ.எஸ்.ஓ. ஒரு தரம் வகுத்திருக்கிறது: 5,000 கெல்வின் நிற வெப்பநிலை கொண்ட வெள்ளை ஒளி, பிரின்டின் மேல் 2,000 லக்ஸ். சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ். வீட்டுக் கூடத்து ராத்திரி வெளிச்சம் அந்த 2,000இல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வீட்டில் அளவாகத் தெரிந்த படம் நடுவர் மேசையில் வெளிறித் தெரிவதும், நடுவர் மேசைக்கென்று அச்சிட்டது கண்காட்சிச் சுவரில் இருண்டு போவதும் இதனால்தான். கண்காட்சி நடக்கும் கூடத்து விளக்குகளை முன்கூட்டியே போய்ப் பார்த்து வரும் உறுப்பினர் செய்வது முழுக்க அறிவியல்.

இருட்டறையில் திரையிடும்போது வேறொரு மாயம் நடக்கிறது. சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால் படத்தின் கரும்பகுதிகள் சற்று வெளிர்ந்து தெரியும், மொத்தப் படமும் தட்டையாகும். பார்டில்சன், ப்ரென்மன் என்ற இருவர் 1967இல் இதை அளந்து காட்டினார்கள். இருட்டில் பார்ப்பதற்கான ஸ்லைடு ஃபிலிமை வேண்டுமென்றே கூடுதல் கான்ட்ராஸ்டுடன் தயாரித்ததும் இதை ஈடுகட்டத்தான். பிரின்டைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை வெள்ளையா கறுப்பா என்று கழகங்களில் நடக்கும் விவாதமும் வெறும் ரசனைச் சண்டை இல்லை. வெள்ளை அட்டை நடுவில் இருக்கும் படத்தைக் கண்ணுக்கு இருட்டாக்கும், கறுப்பு அட்டை ஒளிகூட்டும். மை ஒரு துளிகூட மாறியிருக்காது.

அளவு பற்றி ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6,000க்கு 4,000 புள்ளிகள். பொதுவான டிஜிட்டல் போட்டித் திரை 1,920க்கு 1,080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நடுவர் கண்ணுக்குப் போகிறது. அதே படத்தை 12க்கு 18 அங்குல பிரின்ட்டாகப் போட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள். நல்ல கண், 25 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது பிரித்தறியக்கூடிய எல்லை அங்குலத்துக்கு ஏறத்தாழ 350. கேமரா தந்த அத்தனையும் கண் வாங்கக்கூடிய அத்தனையும் அந்தக் காகிதத்தில் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகச் சந்திக்கின்றன. செலவு, சுமை, கூரியர் தொல்லை என்று பிரின்ட் பிரிவுகளைக் கழகங்கள் கைவிடும்போது இழப்பது இதைத்தான்.

இயற்கைப் பிரிவின் விதிகள் தனி உலகம். ஃபியாப் என்று சுருக்கிச் சொல்லப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்களும் ஏற்ற பொதுவான வரையறைப்படி, வளர்ப்பு விலங்குக்கும் தோட்டத்துச் செடிக்கும் அங்கே இடமில்லை. ஆனால் ஆய்வாளர்கள் மாட்டிய ரேடியோ கழுத்துப்பட்டையோடு திரியும் புலிக்கு இடமுண்டு. அதை அழித்துவிட்டு அனுப்பினால்தான் குற்றம். உண்மைக்கு அவ்வளவு மரியாதை. தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் இந்தப் பிரிவில் உலகப் பெயர் பெற்று, ஃபியாப்பின் மாஸ்டர் பட்டம் வரை உயர்ந்தவர். ஒரு தலைமுறைக்கே காட்டுயிர்ப் படக்கலையைக் கற்றுக்கொடுத்தவரும்கூட.

ஏன் மூன்று நடுவர்? பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் எழுதிய கணிதத்தில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு நடுவரும் நல்ல படத்தை நல்லது என்று சரியாகச் சொல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைப்போம். மூவரில் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 64.8 சதவீதம். ஐவர் என்றால் 68.3. ஆள் கூடக்கூடத் தீர்ப்பு தெளிகிறது. ஒரு நிபந்தனை: ஒருவரை ஒருவர் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூத்த நடுவர் ஒருவர் உச்சுக்கொட்டினால் போதும், மூன்று மூளை ஒரு மூளையாகிவிடும். மௌனமும் பொத்தானும் அதற்காக.

இந்தக் கணிதத்துக்கு மறுபக்கமும் உண்டு. இதுவரை யாரும் பார்த்திராத மாதிரி ஒரு படம் வருகிறது. அதன் அருமை ஒரு நடுவருக்குப் பிடிபடும் வாய்ப்பு 40 சதவீதம்தான் என்றால், மூவர் பெரும்பான்மைக்குப் பிடிபடும் வாய்ப்பு 35.2 ஆகக் குறைகிறது. பழகிய அழகைத் தூக்கிவிடும் அதே ஏற்பாடு பழகாத அழகை அமுக்குகிறது. லண்டனில் 1892இல் சிலர் மேலே சொன்ன புகைப்படச் சங்கத்தை விட்டு வெளியேறி 'லிங்க்ட் ரிங்' என்ற குழுவைத் தொடங்கியதற்கும் புதுவகைப் படங்களை எப்படி மதிப்பிடுவது என்ற பூசல் ஒரு காரணம். அவர்கள் மறு ஆண்டு தொடங்கிய சலானில் பதக்கமே கிடையாது. சுவரில் இடம் கிடைப்பதே பெருமை. இன்றைய சலான்களில் பரிசு கிடைக்காவிட்டாலும் 'அக்செப்டன்ஸ்' (கண்காட்சிக்கான ஏற்பு) கிடைத்தாலே கொண்டாடுகிறார்களே, அந்த உணர்வு அப்போதே தொடங்கிவிட்டது. ஃபியாப்பின் பல பட்டங்களுக்கும் அக்செப்டன்ஸ் கணக்குதான் அடிப்படை.

அக்செப்டன்ஸ் எல்லை எங்கே என்பதை மதிப்பெண் முழுதும் விழுந்த பிறகே முடிவு செய்கிறார்கள். வந்தவற்றில் நான்கில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ தேறும்படி, 10 என்றோ 11 என்றோ கோடு கிழிப்பார்கள். கோட்டுக்குக் கீழே 9 வாங்கிய படங்கள் இருக்கும். அந்த 9 எப்படி வந்தது? மூன்று, மூன்று, மூன்று என்றும் வந்திருக்கலாம். மூவருக்கும் அது இன்னொரு படம், அவ்வளவே. ஐந்து, மூன்று, ஒன்று என்றும் வந்திருக்கலாம். ஒருவர் கண்ணில் அது உச்சம், இன்னொருவர் கண்ணில் தள்ளுபடி. கூட்டுத்தொகை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. நடுவர் ஒவ்வொருவரும் கூட்டுக் கணக்கைப் பொருட்படுத்தாமல் தமக்குப் பிடித்த ஒரு படத்துக்குத் தனியாகப் பரிசு தரும் வழக்கம் பல சலான்களில் இருக்கிறது. அது அலங்காரப் பரிசு அல்ல. கணிதம் அமுக்கியதைத் தோண்டி எடுக்கும் வழி.

கழகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவு அனுப்பும்போது கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் மூன்று மதிப்பெண்களையும் தனித்தனியே தாருங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பெயர் சொல்ல வேண்டாம், எண்கள் போதும். 3-3-3 வாங்கிய உறுப்பினர் இன்னும் கற்க வேண்டும் என்று புரிந்துகொள்வார். 5-3-1 வாங்கியவருக்கு, தான் போகும் பாதையை விட்டுவிடக் கூடாது என்று தெரியும்.