தோட்டம் என்றால் பூந்தோட்டமா?

பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கழகச் செயலவையில் இருந்த காலத்தில், ஒரு நாடக விழாவுக்குச் செயல்திட்ட அறிக்கை எழுத மூன்று இரவுகள் விழித்திருந்திருக்கிறோம். நிதி ஒதுக்கீடு, பணிக்குழு, கால அட்டவணை என நான்கு பேர் ஒரே கணினியைச் சுற்றி அமர்ந்து சண்டை போட்டதுதான் இப்போதும் நினைவில் நிற்கிறது. இன்று நான் சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அதே வேலையைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி அரை நிமிடத்தில் செய்து தருகிறது என்றால், அன்று தூக்கம் கெட்ட நண்பர்கள் பெருமூச்சு விடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் பள்ளியின் பெயரில் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. தோட்டம்தான் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 23 பேரில் ஒருவர்கூட லயத்து வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களில் பலருடைய பாட்டியும் தாத்தாவும் அங்கே பால் வெட்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி, ஒரு சிறு நூலாகத் தொகுக்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. கடந்த ஆண்டு அதை நான்கு வாரச் செயல்திட்டமாக நடத்த முடிவு செய்தேன்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பின்னர் ஜெமினி, கோபைலட், கிளாட் எனப் பல கருவிகள் வந்துவிட்டன. நான் அவற்றுள் ஒன்றைத் திறந்து, "ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தோட்டம் பற்றிய ஒரு செயல்திட்டம் தயாரித்துக் கொடு" என்று தமிழில் எழுதினேன். உடனே வந்தது திட்டம். முதல் வாரம் மண்ணைப் பதப்படுத்துதல், இரண்டாம் வாரம் வெண்டை விதை நடுதல், மூன்றாம் வாரம் இயற்கை உரம்!

தவறு கருவியுடையது மட்டுமன்று. இத்தகைய கருவி நாம் நினைப்பதை அறிவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே விடையை எழுதுகிறது. அது பயின்ற தமிழில் 'தோட்டம்' என்றால் பெரும்பாலும் கத்தரியும் மல்லிகையும்தான். நமக்கோ தோட்டம் என்றால் பெரட்டும் கங்காணியும் கிராணியும் ஆயாக்கொட்டகையும். மலேசியத் தமிழர் மூன்று தலைமுறையாகச் சுமந்த பொருள், எழுத்தில் குறைவாகப் பதிந்திருப்பதால் அதன் கணக்கில் எடுபடவில்லை.

இரண்டாம் முறை விளக்கமாக எழுதினேன். மாணவரின் வயது 11. வாரத்துக்கு இரண்டு பாடவேளை. எழுதச் சிரமப்படும் மாணவர் ஐவர். வீட்டில் கைப்பேசி கிடைக்காதவர் சிலர். செலவு ஏறக்குறைய இல்லை. இறுதியில் கையில் ஒரு நூல் இருக்க வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகு வந்த திட்டம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. எழுதச் சிரமப்படுவோருக்கு வரைபடப் பணியும் சொல்சேகரிப்புப் பணியும் கொடுக்கலாம் என்ற யோசனை அதனுடையதே, எனக்குத் தோன்றவில்லை. வகுப்புசார் மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளுக்கும் அளவுகோல் எழுதித் தந்தது. அதில் படைப்புத் திறனுக்கே பாதிப் புள்ளி போயிருந்தது. அதைக் குறைத்து, 'பெரியவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுதல்' என்ற ஒன்றைச் சேர்த்தேன்.

நேர்காணல் கேள்விகள்தாம் பெரிய தொல்லை. "தங்களது பணிச்சூழல் குறித்துத் தாங்கள் எவ்வாறு உணர்ந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி. எந்தப் பேரப்பிள்ளை தன் பாட்டியிடம் இப்படிப் பேசும்? "பெரட்டுக்கு எத்தன மணிக்குப் போவீங்க பாட்டி?" என்று மாற்றினோம். பிறகு ஆர்வத்தால் அந்தச் சொல்லுக்கே பொருள் கேட்டுப் பார்த்தேன். 'புரட்டு' என்பதன் பிழையான வடிவம், ஏமாற்று என்று பொருள் என்றது. விடியற்காலையில் ஆளெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு நல்ல விளக்கம்!

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. கருவி நம் எழுத்தை முழுச் சொல்லாகப் படிப்பதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. யூடிஎஃப்-8 முறையில் 'மங்கு' என்ற சொல், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாக ஐந்து குறிகள், 15 பைட்டுகள். கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்து, ஏழே பைட்டு. இதனால் தமிழ் பெரும்பாலும் அதிகத் துண்டுகளாக உடைகிறது. நீண்ட உரையாடலில் கருவியின் நினைவு எல்லையும் விரைவாக நிரம்பிவிடுகிறது. ஆகவே ஒரே உரையாடலில் எல்லாவற்றையும் கேட்காமல், வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கேட்டேன்.

இனி நான் வெட்கப்பட்ட கதை. செயல்திட்டத்துக்கு முன்னுரையாக ஒரு காலக்கோடு வேண்டியிருந்தது. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தது, 1890களில் ரிட்லி மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டது, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது ஆகியவற்றைக் கருவி சரியாகச் சொன்னது. சரிபார்த்தேன். அந்த நம்பிக்கையில் எங்கள் தோட்டத்தைப் பற்றியும் கேட்டேன். நிறுவப்பட்ட ஆண்டு, முதல் துரையின் பெயர், கோயில் கட்டிய ஆண்டு எல்லாம் அதே உறுதியான குரலில் வந்தன. நேரமில்லை. பெரிய தாளில் எழுதி வகுப்பில் ஒட்டிவிட்டேன்.

முதல் நேர்காணலுக்கு வந்த பாட்டிக்கு வயது 78. ஒரு மாணவி காலக்கோட்டைப் படித்துக் காட்டினாள். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "இந்தத் தொர பேர நாங்க கேட்டதே இல்லியே டீச்சர். கோயிலு எங்கப்பா காலத்துல தகரக் கொட்டாயா இருந்துச்சு. யாரு சொன்னா ஒங்களுக்கு இதெல்லாம்?"

என்ன பதில் சொல்வது? பிள்ளைகள் முன்னிலையில் உண்மையைச் சொன்னேன். புத்தகங்களில் பலமுறை எழுதப்பட்டவற்றைக் கருவி சரியாகச் சொல்லிவிடுகிறது. யாரும் எழுதாத இடத்தில் அது பெரும்பாலும் வாய்மூடி இருப்பதில்லை. ஒரு தோட்ட வரலாறு வழக்கமாக எப்படி இருக்குமோ அந்த அச்சில் ஒன்றைப் பொருத்திவிடுகிறது. எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்டது எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பொய்யை எங்கள் நூலில் அச்சிட்டிருந்தால், எழுதப்பட்ட முதல் வரலாறே பொய்யாகப் போயிருக்கும். நாளை வேறொரு கருவி அதைப் படித்துப் பயின்று மேற்கோள் காட்டவும் கூடும். தாளைக் கிழித்துவிட்டு, வெறுங்கோடு ஒன்றை ஒட்டினோம். பாட்டிகளும் தாத்தாக்களும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நிரப்பினார்கள். இருவர் சொன்னது முரண்பட்டால் இரண்டையும் எழுதினார்கள்.

மாணவர் கையில் கருவியைக் கொடுக்கவே இல்லை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. குரல்பதிவுகளையும் அதற்குள் ஏற்றவில்லை. எழுத்தாக்கித் தந்திருக்கும், பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஒரு தாத்தா, இங்கேயே பிறந்தும் பல ஆண்டுகள் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்ததைச் சொல்லி அழுதார். அவர் அதைச் சொன்னது தன் பேரனிடம்.

நூல் வெளிவந்துவிட்டது. 40 பக்கம், பள்ளி நகலெடுப்பு இயந்திரத்தில். கடைசி நான்கு பக்கங்கள் சொற்பட்டியல். பெரட்டு, மங்கு, கோட்டுப்பால் எல்லாம் இருக்கின்றன. இவ்வாண்டும் நடத்தப் போகிறேன், திட்டத்தில் ஒரு திருத்தத்தோடு. நேர்காணலைச் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வைக்கச் சொன்னது கருவி. நானும் சரி என்றேன். வாழ்நாளெல்லாம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவர்கள் அந்நேரம் நன்றாகத் தூங்குவார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. இம்முறை காலை எட்டு மணி.