கோடையில் வீட்டு வெளிக்குழாய்கள்: உடையும் முன் கவனிக்க வேண்டியவை

கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கும். வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர்த் தேவையோ கூடும். இந்த நேரத்தில் குழாய் உடைந்து தொட்டித் தண்ணீர் மண்ணில் ஓடிவிட்டால், மீண்டும் ஊறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே பங்குனி முடிவதற்குள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, மோட்டாரில் இருந்து கடைசிக் குழாய் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.

வெயில் குழாயை என்ன செய்கிறது?

பி.வி.சி. குழாய் தொடர்ந்து வெயிலில் கிடந்தால் நிறம் வெளுத்து, தேய்த்தால் கையில் மாவு போல ஒட்டும். அந்தக் குழாய் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஒரு கல் பட்டாலோ, மாடு மிதித்தாலோ உடையும்.

வெப்பம் ஏறும்போது குழாய் இளகி, அழுத்தம் தாங்கும் திறனும் குறையும். 10 மீட்டர் நீளக் குழாயில் வெப்பம் 20 டிகிரி கூடினால் அது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இரவில் மறுபடி சுருங்கும். தினமும் இப்படி இழுபடுவதால்தான் எல்போ, டீ பொருத்திய இடங்களில் கசிவு தொடங்குகிறது.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

* இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.
* புதைத்த குழாய் செல்லும் வழியில் ஓரிடத்தில் மட்டும் மண் ஈரமாகவோ, புல் பச்சையாகவோ இருந்தால் அங்கே தோண்டிப் பாருங்கள்.
* சொட்டும் இடத்தில் 200 மில்லி டம்ளரை வையுங்கள். 10 நிமிடத்தில் நிரம்பினால் நாளொன்றுக்குச் சுமார் 29 லிட்டர், மாதத்துக்கு 860 லிட்டருக்கு மேல் வீணாகிறது.

மோட்டார் காற்று வாங்குகிறதா?

கிணற்று மேட்டில் உள்ள மோட்டாரின் உறிஞ்சு குழாயில் விரிசல் இருந்தால், மோட்டார் ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தண்ணீர் குறைந்ததும் கிணறு வற்றிவிட்டது என்றோ, மோட்டார் பழுது என்றோ நினைத்துவிடுகிறோம். மோட்டார் ஓடும்போது இணைப்புகளின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை உள்ளே இழுக்கப்பட்டால் பழுது அங்கேதான். ஃபுட் வால்வையும் பார்த்துவிடுங்கள்.

நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றியுள்ள தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் விட்டுவிட்டுக் காற்றோடு வந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரில் டிரை ரன் பாதுகாப்புக் கருவி பொருத்துவது, காயில் கருகி ரீவைண்டிங் செய்யும் செலவைவிடக் குறைவே.

செய்ய வேண்டிய பாதுகாப்பு

* முடிந்தவரை குழாயை ஒன்றரை முதல் 2 அடி ஆழத்தில், கல் இல்லாத மண்ணில் புதையுங்கள். டிராக்டர் கடக்கும் இடத்தில் இன்னும் ஆழமாகப் புதையுங்கள்.
* புதைக்க முடியாத குழாய்க்கு வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் அடியுங்கள். தின்னர் கலக்கும் ஆயில் பெயிண்ட் வேண்டாம். தென்னங்கீற்றோ பழைய சாக்கோ சுற்றினாலும் வெயில் படாது.
* குழாய் ஒட்டும் வேலையை அதிகாலையிலோ மாலையிலோ செய்யுங்கள். உச்சி வெயிலில் பசை சீக்கிரம் காய்ந்து சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பின் ஒரு நாள் கழித்து மோட்டாரைப் போடுங்கள்.
* கேட் வால்வை மெதுவாகத் திறந்து மூடுங்கள். சட்டென்று மூடினால் தண்ணீரின் வேகம் திரும்பி அடித்து இணைப்பை உடைக்கும்.
* தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள்.

மற்றொன்றையும் மறக்க வேண்டாம். மதியம் குழாயைத் திறந்ததும் வரும் சுடுநீரை நாற்றுகளுக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ விடாதீர்கள். வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கறவை மாடு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டருக்கு மேல் குடிக்கும். மேலே சொன்ன டம்ளர் அளவுக் கசிவு இரண்டு இடங்களில் இருந்தாலே ஏறக்குறைய ஒரு மாட்டின் தண்ணீர் மண்ணுக்குப் போகிறது. பழுதான ஒரு எல்போவை இந்த வாரமே மாற்றிவிட்டால், அந்தத் தண்ணீர் சித்திரையில் உங்கள் தொட்டியில் இருக்கும்.