28 டெசிபலுக்குள் ஒரு கிராமம்

கீழ்பென்னாத்தூர் தொலைபேசி நிலையத்திலிருந்து ஒன்றியத்தின் கடைக்கோடி ஊராட்சி ஒன்றுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலையோடு வளைந்து போனால் 18 கிலோமீட்டர். இணைப்பை வடிவமைக்கும் பொறியாளர் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல, மறுமுனையில் எவ்வளவு ஒளி மிஞ்சும் என்பதைத்தான்.

வீடுகளுக்கு இணையம் தரும் ஜிபான் முறையில் பரவலாக உள்ள வகை, 28 டெசிபல் இழப்பு வரை தாங்கும். 3 டெசிபல் போனால் ஒளி பாதியாகும். 10 போனால் பத்தில் ஒரு பங்கு. 28 போனபின் மிஞ்சுவது அறுநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளி ஒளியிலிருந்து விநாடிக்கு 124 கோடி பிட்டுகளைப் படிக்க முடிகிறது என்பது இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

இனி செலவுக் கணக்கு. ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டும் சுமார் 17.5 டெசிபலை எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்து திரும்பும் 1310 நானோமீட்டர் ஒளி, கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 6.3 இழக்கும். கேபிள் சுருளுக்குச் சுருள் போடும் ஜாயின்ட்டுகளுக்கு 1, கனெக்டர்களுக்கு 1. மொத்தம் 25.8, மிச்சம் 2.2.

 

இந்த 2.2 போதுமா? காகிதத்தில் போதும். ஆனால் ஜேசிபி கேபிளை அறுக்கும். அறுந்த இடத்தில் புதுத் துண்டு வைத்தால் இரண்டு ஜாயின்ட், ஏறக்குறைய 0.2 டெசிபல் நிரந்தரமாகப் போய்விடும். கம்பத்தில் இறுக்கி வளைத்துக் கட்டினாலும் கனெக்டரில் தூசி படிந்தாலும் இன்னும் போகும். நல்ல வடிவமைப்பாளர் இங்கே 32 வீட்டை 16 ஆகக் குறைப்பார். மிச்சம் 5 டெசிபலைத் தாண்டும். செலவு கூடும்தான், ஆனாலும் அதுவே சரியான முடிவு.

இது ஓர் ஊரின் கணக்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிகாபிட் இணைப்பு தரும் பணியை, ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டத்தின்கீழ், மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் மேற்கொள்கிறது. கிளை கிளையாகப் போகும் பாதையில் ஓரிடம் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களெல்லாம் இருளும். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டம் வளையப் பாதைக்கு மாறியது இதனால்தான்: ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் தகவல் சுற்றி வரும்.

இதோடு இன்னொன்றும் வேண்டும். இணைப்பு கொடுத்த அன்றே, இழையில் எங்கெங்கே எவ்வளவு ஒளி போகிறது என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் அளந்த இழப்பை எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் அதோடு ஒப்பிட்டால், இணைப்பு முற்றாக நிற்பதற்கு முன்பே எந்த ஜாயின்ட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.