ஒரே பெயர், இரண்டு விடைகள்

விழுப்புரத்தில் தலைமை அலுவலகம், திண்டிவனம் சிப்காட்டில் ஆலை என்று ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலுக்குச் சொந்த சர்வர், அது விழுப்புரத்தில். பெயர் மெயில்.நிறுவனம்.இந்தியா. அலுவலகத்தில் ஒழுங்காக மெயில் எடுத்த லேப்டாப், திண்டிவனம் பஸ் ஏறியதும் சர்வரைக் காணவில்லை என்கிறது. சர்வரைப் பிரித்துப் பார்க்கும் முன் பார்க்க வேண்டிய இடம் டிஎன்எஸ்.

பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் இந்த முறையை 1983இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு 1986இல் வந்தது. அதில் எண்ணை எழுதக் கூடாது, சர்வரின் பெயரைத்தான் எழுத வேண்டும்.

நம் சர்வருக்கோ முகவரி இரண்டு. உள்ளே 192.168.10.5, உலகுக்கு, ரூட்டரில் இருக்கும் பொது ஐபி. உள் முகவரி வெளியே செல்லாது. வெளி முகவரியை உள்ளிருந்து கேட்பதோ, அடுத்த அறைக்குப் போகத் தெருவில் இறங்கி வாசல் வழியாக மறுபடி நுழைவது போல. பல ரூட்டர்கள் அப்படித் திருப்பி அனுப்புவதே இல்லை. ஆகவே ஒரே பெயருக்கு உள் டிஎன்எஸ் ஒரு விடையும் வெளி டிஎன்எஸ் வேறொரு விடையும் தர வேண்டும். போனிலும் லேப்டாப்பிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விழுப்புரத்தில் இணைய இணைப்பு அறுந்தாலும் அலுவலகத்துக்குள் மெயில் ஓடும். சிறிய ஊர் நிறுவனங்களுக்கு இதற்காகவே நான் இந்த ஏற்பாட்டைச் சொல்வேன். ஆலை விபிஎன்னில் இணைந்திருந்தால் அங்குள்ள கணினிகளும் உள் டிஎன்எஸ்ஸையே கேட்க வேண்டும்.

ஒரு பொறி உண்டு. நிறுவனம்.இந்தியா முழுவதற்கும் தானே பொறுப்பு என்று உள் டிஎன்எஸ் நம்புகிறது. நிறுவனத்தின் வலைத்தளம் வேறெங்கோ வாடகை சர்வரில் இருந்து, அதன் முகவரியை உள்பட்டியலில் எழுதாவிட்டால், 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று அடித்துச் சொல்லிவிடும். உலகமே பார்க்கும் தளம் சொந்த அலுவலகத்தில் திறக்காது. வெளிப்பட்டியலில் ஒரு வரி மாறினால் உள்பட்டியலையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

வெளிப்பக்கம் இன்னும் இரண்டு தேவை. எந்த ஐபி நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் ஒன்று. அது டொமைன் பட்டியலிலேயே சேரும். மற்றது ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் பிடிஆர். அது இல்லாத சர்வரின் மெயிலைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். இதை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. பொது ஐபி கொடுத்த இணைய நிறுவனம்தான் செய்துதர முடியும். நிலையான ஐபிக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடலாம்.