வெளிச்சத்தைப் பார்க்காதீங்க, குழம்பைப் பாருங்க!
(வெல்டிங் பழக விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு)



வெல்டிங் தெரிந்த ஓர் ஆள் தோட்டத்தில் இருந்தால் எத்தனை வேலை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டோர் கேட், கொழுந்து லொறியின் பின்கதவு, தள்ளுவண்டிக் கால், கோயில் கம்பி வேலி, பிள்ளைக் காம்பரா ஊஞ்சல் என்று உடைகிற சாமானுக்குக் குறைவில்லை. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக் கூலியோடு வாகனக் கூலியும் சேர்கிறது. இப்போது கையில் தூக்கிப் போகிற அளவில் இன்வேட்டர் மெஷின்கள் கடைகளில் கிடைப்பதால் நம் பிள்ளைகள் பலருக்கு தாங்களே பழகிப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். மெஷினை ஒரு நாளில் வாங்கிவிடலாம். கை பழகத்தான் நாள் எடுக்கும்.

வழி தெரியாமல் பழகினால் இரண்டு நஷ்டம் வரும். ஒன்று கண். மற்றது, வெளியே மினுமினுப்பாகவும் உள்ளே பிடிப்பே இல்லாமலும் இருக்கிற ஒட்டு. ஊஞ்சல் கொக்கியில் அப்படி ஓர் ஒட்டு இருந்தால் கீழே விழப்போவது நம் வீட்டுக் குழந்தை. ஆகவே ரொட் வைத்துச் செய்யும் சாதாரண வெல்டிங்கை எப்படிப் பழகுவது என்பதை இந்த இதழில் படிப்படியாகச் சொல்கிறோம்.

உள்ளே நடப்பது என்ன?

மெஷினிலிருந்து இரண்டு வயர் வருகிறது. ஒன்றின் நுனியில் ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டர். மற்றதன் நுனியில் ஏர்த் கிளிப். கிளிப்பை இரும்பில் மாட்டி, ரொட்டை இரும்பில் தொட்டுக் கொஞ்சம் தூக்கினால், அந்தச் சின்ன இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து நெருப்பாக எரிகிறது. இரும்பு உருகச் சுமார் 1500 பாகை சென்டிகிரேட் சூடு வேண்டும். அந்த நெருப்பின் சூடு அதைவிடப் பல மடங்கு. ஆகவே ரொட் நுனியும் கீழே இருக்கிற இரும்பும் ஒரே நேரத்தில் உருகி, ஒன்றாய்க் கலந்து, ஆறி, ஒரே துண்டாகிறது.

ரொட்டின் மேலே இருக்கிற பூச்சு எதற்கு? உருகிய இரும்பில் காற்று பட்டால் ஒட்டு துளை விழுந்து பொடியாகும். பூச்சு எரியும்போது வரும் புகை காற்றை விலக்கி நிற்கிறது. மிச்சம் கசடாக மேலே படிந்து, ஆறும் வரை போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னமே சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஷெல்பெரி என்ற பொறியியலாளர் இந்தப் பூச்சு ரொட்டைச் செய்து காட்டினார். இன்றும் நாம் பிடிப்பது அந்த வழி வந்த ரொட்தான்.

முதலில் கண்ணும் உடம்பும்

வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது. வெல்டிங்குக்கென்றே விற்கிற 10ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆறு, ஏழு மணித்தியாலம் கழித்து, இராத்திரியில்தான் கண்ணில் மண் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. அப்போது கண்ணைக் கசக்காதீங்க. தாய்ப்பால் ஊற்றுவது, இலைச்சாறு பிழிவது எதுவும் வேண்டாம். சுத்தமான குளிர்ந்த துணியைக் கண் மேல் வைத்து, இருட்டறையில் இருந்து, விடிந்ததும் தோட்ட டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்க. பெரும்பாலும் இரண்டு நாளில் குணமாகும். பார்வை மங்கலாக இருந்தாலோ, வலி குறையாவிட்டாலோ கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டணும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். வேலை செய்யும் இடத்தைச் சுற்றி இரண்டு தகரத்தையாவது நிறுத்தி மறைத்துவிடுங்க.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நமது குளிருக்குப் போடுகிற நைலோன் ஜேக்கட்டும் செயற்கை நூல் ஸ்வெட்டரும் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கைக்குக் காய்ந்த தோல் கையுறை, காலுக்கு மூடிய சப்பாத்து. கழுத்துப் பொத்தானையும் போடுங்க.

மழைக்காலத்தில் இன்னும் கவனம். ரொட் சும்மா நிற்கும்போதும் அதன் நுனியில் பொதுவாக 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். காய்ந்த ஆளுக்கு அது பெரிதாகத் தெரியாது. நனைந்த உடம்போடு ஈரத்தரையில் நிற்பவருக்கு உயிராபத்து. காய்ந்த பலகை மேல் நின்று வேலை செய்யணும். மெஷினுக்கு 230 வோல்ட் லைனை லயத்து விளக்கு வயரிலிருந்து எடுக்காதீங்க. அந்த மெல்லிய வயர் சூடேறி லயமே பற்றிக்கொள்ளும். இதற்கென்று தனி வயரும் தனி பிரேக்கரும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டுக்கொள்ளணும்.

எந்த ரொட், எவ்வளவு கரன்ட்?

பழகுவதற்கு ஈ 6013 என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரொட் நல்லது. சுலபமாகப் பற்றும், கசடும் இலேசாகக் கழரும். கடையில் 12 கேஜ் என்றால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர். 10 கேஜ் என்றால் மூன்றேகால் மில்லிமீற்றர். 12 கேஜுக்கு 60 முதல் 90 அம்பியர், 10 கேஜுக்கு 90 முதல் 130 அம்பியர் என்று வைத்து, இரும்பின் தடிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்க. நமது பனிமூட்டத்தில் ரொட் சீக்கிரம் ஈரம் குடிக்கும். ஈர ரொட் படபடவென்று பொரிந்து, ஒட்டில் துளை விழும். பிஸ்கட் டின்னில் இறுக்கி மூடி, காய்ந்த இடத்தில் வையுங்க.

கை பழகும் படிகள்

1. மெஷினைப் போடாமலே ரொட்டைப் பிடித்து, இரும்பின் மேல் கோடு இழுத்துப் பாருங்க. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தால் கை நடுங்காது. எரிய எரிய ரொட் குறையும். கையும் கூடவே கீழே இறங்கணும். இந்த இறக்கம்தான் புதியவர்களுக்குச் சிரமம்.

2. ஆறு மில்லிமீற்றர் தடிப்புள்ள பழைய இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, துருவையும் பெயின்டையும் பிரஷ் போட்டுச் சுரண்டுங்க. ஏர்த் கிளிப் மாட்டும் இடத்தையும் சுரண்டணும். அங்கே பிடிப்பு இல்லாவிட்டால் நெருப்பு நின்று நின்று வரும்.

3. முகமூடியை இறக்கிவிட்டு, தீக்குச்சி உரசுவது போல ரொட் நுனியை உரசித் தூக்குங்க. ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். ஹோல்டரைப் பக்கவாட்டில் ஒரு திருகு திருகினால் கழன்றுவிடும். கழராவிட்டால் ஹோல்டரின் பிடியைத் தளர்த்தி ரொட்டை விட்டுவிடுங்க.

4. நெருப்பு பற்றியதும் ரொட்டுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ரொட் கம்பியின் தடிப்பளவு இருந்தால் போதும். சரியாக இருந்தால் முறுக்கு பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் கேட்கும். இடைவெளி கூடினால் சத்தம் மாறி, பொறி நாலா பக்கமும் சிதறும்.

5. வலக்கைக்காரர் இடமிருந்து வலமாகப் போங்க. ரொட்டின் மேல்முனை போகிற பக்கம் 10, 15 பாகை சாய்ந்திருக்கட்டும். இப்போது வெளிச்சத்தைப் பார்க்காதீங்க. அதற்குப் பின்னால் முட்டை வடிவில் பளபளவென்று ஒரு குழம்பு தெரியும். அதை மட்டும் பாருங்க. அதன் அகலம் ரொட் தடிப்பைப் போல இரண்டு மடங்கு ஆனதும் மெதுவாக நகருங்க. அந்த அகலம் மாறாமல் கொண்டு போகிறவருக்குத்தான் வெல்டிங் வந்துவிட்டது என்று அர்த்தம்.

6. ஆறியதும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் பாருங்க. தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி கட்டாயம் போடணும். சூடான கசடு கண்ணில் தெறிக்கும்.

ஒட்டு சொல்லும் பாடம்

கோடு கயிறு வைத்த மாதிரி மேலே எழுந்து நின்றால் கரன்ட் குறைவு. தட்டையாய்ப் பரந்து, ஓரம் குழிந்து, ரொட்டும் சிவந்தால் கரன்ட் அதிகம். ஒல்லியாய் இருந்தால் கை வேகம். குவிந்து வழிந்தால் கை மந்தம். சின்னச் சின்னத் துளை இருந்தால் ஈர ரொட், அழுக்கு இரும்பு, அல்லது இடைவெளி கூட என்று பொருள்.

கோடு நேரானதும் இரண்டு துண்டுகளில் ஒன்றைப் படுக்கவைத்து மற்றதை அதன் நடுவில் நிமிர்த்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்க. ஆறியபின், ஒட்டாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து ஒட்டின் மேல் சாயவையுங்க. ஒட்டு ஒரு துண்டை விட்டுத் தோல் உரிகிற மாதிரி சுத்தமாகக் கழன்று வந்தால் அது ஒட்டவே இல்லை. மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான். உடைந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் கசடு உள்ளே மாட்டியிருக்கிறது. நன்றாக வளைந்த பிறகும் உடையாமல் நின்றால், அல்லது ஒட்டின் நடுவிலேயே சாம்பல் நிறத்தில் கிழிந்தால், நல்ல பிடிப்பு. பத்துத் துண்டு இப்படி உடைத்துப் பார்க்காமல் ஆள் ஏறுகிற, பிள்ளை ஆடுகிற எந்தச் சாமானையும் தொடாதீங்க. ஏணி, ஊஞ்சல், பாலக் கைப்பிடி போன்றவற்றைப் பழகிய ஓர் ஆளிடம் காட்டாமல் திருப்பிக் கொடுக்கவும் கூடாது.

இவற்றைச் செய்யவே கூடாது

● மூடிய பீப்பாய், டீசல் டின், பெற்றோல் டாங்கி, மருந்து கேன் எதையும் வெல்டிங் செய்யக் கூடாது. காலியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும்.

● நாகம் பூசிய தகரம், பைப் இவற்றின் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பூச்சை உரசி எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் மட்டும் செய்யுங்க. முதல் நாள் பால் குடித்தால் தப்பலாம் என்பது வெறும் பேச்சு.

● ஸ்டோருக்குள் தேயிலைத் தூசு பறக்கிற இடத்தில் பொறி விழக் கூடாது. கழற்றி வெளியே கொண்டுவர முடிகிற சாமானை வெளியே வைத்துச் செய்யுங்க. முடியாவிட்டால் மேலதிகாரியிடம் சொல்லி, தூசைக் கூட்டி, தண்ணீர் வாளி வைத்து, வேலை முடிந்த பின்னும் ஒரு மணித்தியாலம் காவல் இருங்க.

சான்றிதழும் உண்டு

கை பழகியவர்கள் அதோடு நின்றுவிட வேண்டாம். தொழிற் பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை ஆகியவற்றின் நிலையங்களில் வெல்டிங் பயிற்சி உண்டு. முடித்தவர்களுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்து காட்டியே அந்தச் சான்றிதழைப் பெறலாம். பெண் பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை. வெல்டிங்குக்குக் கை பலத்தைவிடக் கை நிதானம்தான் முக்கியம். தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிற கைக்கு அந்த நிதானம் புதிதல்ல.

பெற்றோரே, உங்கள் பிள்ளை மெஷின் கேட்டால் முதலில் முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளே, முதல் பெட்டி ரொட் முழுவதையும் பழைய இரும்பிலேயே எரித்துத் தீர்த்துவிடுங்க. அந்தச் செலவு வீண் போகாது.