மின்னேற்ற நிலையங்களும் அளவீட்டின் அரசியலும்

மின்கார்களுக்கான பொது விரைவு மின்னேற்ற நிலையங்களைப் பெருக்குதற்கென ஐக்கிய அமெரிக்கா 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் 500 கோடி டொலரை ஒதுக்கியது. பிரதான நெடுஞ்சாலைகளில் 50 மைலுக்கு ஒரு நிலையமேனும் அமையவேண்டும் என்றது 2022ஆம் ஆண்டு வழிகாட்டல். ஆயின், நிறுவப்பட்ட பொறி இயங்குகின்றதா என்பதை யார், எவ்வாறு அளப்பது என்பதே அடிப்படை வினாவாகும்.

அதே ஆண்டில் கலிபோர்ணியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆய்வாளர் சிலர் 657 மின்னேற்றிகளை நேரிற் சென்று பரிசோதித்தனர். அவற்றுள் 72.5 சதவீதமே தொழிற்பட்டன. நிறுவனங்களோ 95 முதல் 98 சதவீதம் எனக் கூறிவந்தன. இம்முரண்பாட்டை வெறும் பொய்யுரையென ஒதுக்கிவிடுதல் பிரச்சினையை எளிமைப்படுத்துவதாகும். நிறுவனத்தின் கணினி காண்பது மின்னேற்றி அனுப்பும் சமிக்ஞையை. பணம் செலுத்தும் அட்டையை ஏற்க மறுக்கும் கருவியோ எட்டாத வடமோ அதற்குப் பெரும்பாலும் புலனாவதில்லை. பொறியின் பயன்பெறுமதியை வாகனத்துடன் வந்து நிற்பவரே அறிவார்.

2023ஆம் ஆண்டு விதிகள், அரசு நிதி பெறும் ஒவ்வொரு மின்னேற்றியும் ஆண்டில் 97 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் மின் வழங்கும் நிலையில் இருக்கவேண்டுமென வரையறுத்தன. இது முன்னேற்றமே. எனினும், எஞ்சும் 3 சதவீதம் ஏறத்தாழ 11 நாட்கள். மின்தடை, நாசவேலை, திட்டமிட்ட பராமரிப்பு ஆகியவற்றால் இழக்கப்படும் நேரம் இக்கணக்கிற் சேர்வதுமில்லை.

சொந்த வீடும் வாகனக் கொட்டிலும் உடையோர் இரவில் வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்வர். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்போருக்கே பொதுநிலையம் இன்றியமையாதது. பழுதின் சுமை அவர்கள்மீதே விழுகின்றது; ஆண்டுச் சராசரியில் அது தென்படுவதில்லை.