புறப்பாட்டுக்கு முந்திய பணி

தொலைநாடு சென்று சமயப்பணி ஆற்றியோரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் சென்ற இடத்தில் செய்தவற்றையே உலகம் எடுத்துரைக்கின்றது. கப்பலேறிய நாளும் கரைசேர்ந்த நாளும் ஏடுகளில் பதிவாகின்றன. ஆனால், “போகலாம்” என்று முடிவானதற்கும் உண்மையில் புறப்படுவதற்கும் இடையே ஒரு காலம் உண்டு. அது சில வாரமாகவும் இருக்கலாம், ஓராண்டாகவும் இருக்கலாம். ஊரை விட்டுப் போகவும் இல்லை, ஊரில் முழுமனத்தோடு இருக்கவும் இயலவில்லை என்னும் நிலையில் ஒருவன் கழிக்கும் அந்த நாட்களின் இயல்பு என்ன? கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. அங்கே இத்தகைய காத்திருப்பு மிகவும் பழக்கமான ஒன்றாகும்.

கிழக்கிலங்கையின் இக்கரையில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் தமிழ் ஊர்களுடன் கலந்து தொடர்கின்றன. இவை முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கின. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே நெருங்கிய குடியிருப்பு என்பது இவ்வூர்களின் அமைப்பு. நெல் வேளாண்மை, கரைவலை, கைத்தறி, கடை வியாபாரம், அரசாங்க உத்தியோகம் ஆகியன மக்களின் பிழைப்புவழிகள். இப்பிழைப்புகளில் ஈடுபட்டோரே ஓய்வான காலத்தில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசல் தோறும் செல்லும் தப்லீக் ஜமாஅத்திலும் பங்குகொள்கின்றனர்.

தப்லீக் ஜமாஅத் என்பது தில்லிக்கு அண்மையிலுள்ள மேவாத் பகுதியில் மௌலானா முஹம்மது இல்யாஸ் அவர்களால் 1920களில் தொடங்கப்பெற்ற இயக்கம். அவர் 1944இல் காலமானார். பிற சமயத்தாரை மதம் மாற்றுவது அதன் முதன்மை நோக்கமன்று. முஸ்லிம்களையே தொழுகைக்கும் ஒழுக்கத்துக்கும் திரும்ப அழைப்பதே அதன் வேலை. அதில் சம்பளம் பெறும் போதகர் இல்லை. கடைக்காரரும் கமக்காரரும் ஆசிரியரும் தத்தம் செலவிலேயே செல்கின்றனர். மாதத்துக்கு மூன்று நாள், ஆண்டுக்கு நாற்பது நாள், வாழ்நாளில் ஒருமுறையேனும் நான்கு மாதம் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கணக்கு. நாற்பது நாளைச் ‘சில்லா’ என்று வழங்குவர். வெளிநாட்டுப் பயணம் என்பது இக்கணக்கின் மேற்படி. உள்ளூரிலும் வெளியூரிலும் பழகித் தேறியவருக்கே அது பொதுவாக வாய்க்கும்.

வெளிநாடு செல்ல விரும்புகின்றவர் முதலில் தமது பெயரைத் தம் மஹல்லாவின் பள்ளிவாசலில் கொடுக்கின்றார். அங்கே ‘மஷூரா’ எனப்படும் கலந்தாலோசனை நடைபெறும். அதில் கேட்கப்படும் கேள்விகள் மார்க்க அறிவைப் பற்றியன அல்ல. கடன் இருக்கின்றதா? இருப்பின் அதைத் தீர்க்க வகை என்ன? வீட்டார் மனமொப்பி விடைகொடுக்கின்றனரா? போய்வரும் வரையிலும் குடும்பச் செலவுக்கு ஏற்பாடு உண்டா? பயணச் செலவு யாருடைய பணம்? இவற்றுக்குத் தக்க மறுமொழி கிடைத்த பின்னரே பெயர் கொழும்புக்குச் செல்லும். எந்த நாடு, யாருடன், எப்பொழுது என்பனவற்றை அங்குள்ளோர் மஷூரா செய்து தீர்மானிப்பர். தாம் விரும்பும் நாட்டைத் தாமே தெரிந்துகொள்ளும் வழக்கம் இல்லை. அரபு நாடொன்றை மனத்திற் கொண்டிருந்தவர் ஆபிரிக்க நாடொன்றுக்குப் போக நேரலாம். அதன்பின் கடவுச்சீட்டும் விசாவும் வரவேண்டும். காத்திருப்பு இங்கேதான் நீளுகின்றது.

இவ்வாறு காத்திருக்கும் ஒரு துணிக்கடைக்காரரை எண்ணிக்கொள்வோம். வைகறையில், பாங்குக்கு முன்னரே அவர் எழுந்துவிடுகின்றார். சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் சிலர் வட்டமாக அமர்ந்து அன்றைய வேலைகளைப் பேசிக்கொள்வர். யார் நோயுற்றிருக்கின்றார், யார் சில நாளாகத் தொழுகைக்கு வரவில்லை, யாரைக் கண்டு வரவேண்டும் என்று பேசி முடித்துக் கலைவர். பின்னர் அவர் கடையைத் திறக்கின்றார். பகலெல்லாம் வியாபாரம். அளவு கோலிலும் விலையிலும் நேர்மை தவறாதிருத்தலும் இக்காலத்தின் பயிற்சியாகவே எண்ணப்படுகின்றது. அயல்நாட்டில் நல்லொழுக்கம் பேசப் போகின்றவர் உள்ளூர்க் கடையில் முழத்தைக் குறைத்தார் என்ற பேச்சு எழுமாயின், அது அவருடைய பயணத்துக்கு மட்டுமன்றி அவர் சொல்லப்போகும் சொல்லுக்கும் இழுக்காகும்.

மாலையில் வேறொரு வேலை. வாரத்தில் இருமுறை, தம் மஹல்லாவில் ஒருமுறையும் அயல் மஹல்லாவில் ஒருமுறையுமாக, சிலர் கூடித் தெருவிலே நடந்து வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை சென்று மக்களைப் பள்ளிவாசலுக்கு அழைப்பர். இதற்குக் ‘கஷ்த்’ என்று பெயர். வழிகாட்டுபவர் ஒருவர், பேசுபவர் ஒருவர். ஏனையோர் மௌனமாக இறைவனை நினைந்தபடி பின்னே நடப்பர். பேச்சு மிகச் சுருக்கமாக இருக்கவேண்டும். வாக்குவாதம் செய்தல் ஆகாது. கதவைத் திறவாதவரிடம் கோபங் கொள்ளுதலும் ஆகாது. தம்மைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர்களின் வாசலில், அவர்களுடைய கேலியையும் பொறுத்துக்கொண்டு நிற்பது அயல்நாட்டில் நிற்பதைவிடக் கடினம் என்பதை அனுபவம் உள்ளோர் அறிவர்.

இரவு இஷாவுக்குப் பின் வீட்டில் ‘தஃலீம்’. ‘அமல்களின் சிறப்புகள்’ போன்ற நூலிலிருந்து சில பக்கங்கள் படிக்கப்பெறும். மனைவியும் மக்களும் கேட்பர். செல்லவிருக்கும் நாட்டின் மொழியில் வணக்கம் கூறவும், வழி கேட்கவும், நன்றி சொல்லவும் சில சொற்களை எழுதிவைத்து மனனம் செய்வாரும் உண்டு. பேருரை வேண்டுமிடத்தில் அவ்வூரார் ஒருவர் மொழிபெயர்த்துக் கொடுப்பார். அதனைத் ‘தர்ஜுமா’ என்பர்.

இப்பணிக்கென வகுக்கப்பட்ட ஆறு அம்சங்களில் ‘இக்ராம்’ எனப்படும் பிறரைக் கண்ணியப்படுத்துதலும் ஒன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது நாயகம் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெறுகின்றது. அதனைப் போற்றுவோரும் ஏற்காதோரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். அத்தகைய கருத்து வேறுபாடுகளையும் அரசியலையும் கஷ்திலே பேசக்கூடாது என்பது ஜமாஅத்தின் கட்டுப்பாடு. நாவை அடக்கப் பழகுவதும் காத்திருப்போரின் பாடங்களில் ஒன்றாகும்.

இனி, வீட்டின் நிலையைக் காண்போம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமரபு தொன்றுதொட்டு வழங்குகின்றது. பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆதலால் அயல்நாடு செல்லும் கணவன் விட்டுச்செல்வது மனைவியின் வீட்டையே. அவளுடைய தாயும் சகோதரிகளும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பர். நான்கு மாதம் கணவன் இல்லாதிருப்பதை அவள் தாங்கிக்கொள்வதற்கு இவ்வமைப்புப் பெருந்துணையாகின்றது. ஆயினும் துணை இருப்பதால் சுமை இல்லாமற் போவதில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம், காய்ச்சல், கடைக்கணக்கு, வயற்கூலி ஆகிய அனைத்தும் அவள் தலையில் விழுகின்றன. பெரும்போக அறுவடை முடிந்து கையில் நெல்லும் பணமும் இருக்கும் வேளையில் பயணம் வாய்த்தால் பாரம் குறையும். விசா தாமதித்து விதைப்புக் காலத்தில் வந்தாலோ, புறப்படுவதா நிற்பதா என்னும் கேள்வி மீண்டும் எழுகின்றது. மஷூராவில் ‘வீட்டார் சம்மதம்’ என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும் செய்தி, வீட்டில் பல இரவுகளின் பேச்சாக இருக்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையில் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் பேரழிவைக் கண்டன. ஊர் அவ்வாறு துன்புறும் வேளையில், பயணப்பெட்டி கட்டிவைத்திருப்பவனின் முதற்கடமை எது என்பதில் ஐயமில்லை. இறந்தோரை அடக்குவதும் எஞ்சியோருக்கு உணவளிப்பதும் அழைப்புப் பணிக்குப் புறம்பானவை அல்ல.

காத்திருப்பின் மற்றொரு பகுதி சட்டத்தைச் சார்ந்தது. சுற்றுலா விசாவில் நுழைந்து சமயப்பணி செய்தல் பல நாடுகளில் விதிமீறலாகும். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுற்றுலா விசாவில் வந்து போதித்தனர் என்ற காரணத்தால், வெளிநாட்டுத் தப்லீக் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டோரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு இலங்கை அதிகாரிகள் பணித்தனர். 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றுப் பரவிய வேளையில், தில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்கு வந்திருந்த பல நாட்டவர் திரும்ப இயலாது சிக்கினர். அடுத்த மாதத் தொடக்கத்தில் 960 வெளிநாட்டவரின் விசாக்களை இந்திய அரசு இரத்துச் செய்தது. பலர்மீது வழக்கும் தொடரப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டவர் 29 பேர்மீதான வழக்குகளை நீக்கியது. டிசம்பரில் தில்லி நீதிமன்றம் ஒன்று 36 பேரை விடுதலை செய்தது. போவதற்குக் காத்திருந்தவர்கள் திரும்புவதற்கும் மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. உரிய விசா வரும்வரை பொறுத்திருத்தல் வீண் தாமதமன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தும்.

இக்காத்திருப்பு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் திருச்சபையில் இளைஞர்கள் இரண்டாண்டுச் சமயப்பணிக்கு அனுப்பப்படுகின்றனர். அவர்களும் தம் நாட்டைத் தாமே தெரிவதில்லை. அழைப்புக் கடிதம் வந்த பின்னரே அறிவர். செலவிற் பெரும்பங்கைத் தாமோ தம் குடும்பத்தாரோ ஏற்கின்றனர். புறோவோ நகரப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் மொழி கற்ற பின்னரும் விசா வராவிடின், அவர்கள் சும்மா இருப்பதில்லை. தற்காலிகமாக வேறோர் இடத்தில், பெரும்பாலும் சொந்த நாட்டிலேயே, இருவர் இருவராகப் பணிசெய்ய விடப்படுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர். கல்முனைக் கரையில் காத்திருப்பவரோ பெரும்பாலும் குடும்பஸ்தர். பாரம் வேறு, செய்யும் முறை ஒன்றே.

காத்திருக்க அவகாசமே கிடைக்காத ஒருவரின் கதை இதே கீழைக் கரையில் உண்டு. 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் போதகர் குழுவில் வில்லியம் ஓல்ட் ஒருவர். கடலிலேயே அவருடைய மனைவி இறந்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே 3ஆம் நாள் கடலில் மறைந்தார். எஞ்சியோர் ஜூன் 29ஆம் நாள் காலியை அடைந்து, அங்கே சில நாள் தங்கித் தமக்குரிய ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டனர். ஓல்ட்டுக்கு மட்டக்களப்பு வாய்த்தது. தமிழைத் தக்கவாறு கற்பதற்குமுன்னரே அவர் பணியில் இறங்கினார், பாடசாலைகளைத் தொடக்கினார், 1815 ஏப்ரல் 1ஆம் நாள் நோயால் இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடமிருந்தே கணக்கிடுகின்றது. ஊரின் மொழியையும் காலநிலையையும் பழகிக்கொள்ள அவருக்கு ஓராண்டு கிடைத்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார் என்று எண்ணாதிருக்க இயலாது.

கல்முனையில் விசா வந்த செய்தி கிடைக்கும் நாள் ஆரவாரமற்றது. கடன்காரரைக் கண்டு கணக்குத் தீர்த்தல், மனம் நோகச் செய்தவர்களிடம் பொறுத்தருளக் கேட்டல், கடைச் சாவியை மைத்துனனிடம் ஒப்படைத்தல், இவ்வளவே. கொழும்பில் வழியனுப்புமுன் அறிவுரை கூறப்படும். திரும்பியதும் நடந்தவற்றை ஒப்புவிக்கும் ‘கார்குஸாரி’ உண்டு. அக்கூட்டத்தில் தொலைநாட்டின் செய்திகள் கேட்கப்படும். ஆனால் புறப்படுமுன் அவர் ஊரில் எவ்வாறு இருந்தார் என்பதற்குத் தனிக் கார்குஸாரி வேண்டுவதில்லை. அதனை அவருடைய மனைவியும் அயலாரும் கடைக்கு வந்துபோனோரும் நன்கு அறிவர்.